பெருநாள் மடல் வந்த வழி

ரமலான் பிறை இருபதைக் கடந்ததும் நம் இல்லங்களில் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியத் தொடங்கும். பித்ரா அளந்து வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புத்தாடை தைத்து வாங்க வேண்டும். இஃதிகாஃப் இருப்போருக்கு உணவு அனுப்ப வேண்டும். இவற்றிடையே வாழ்த்து மடல் எழுதும் வேலையும் சேர்ந்துகொண்டால், லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகள் முகவரி எழுதுவதிலேயே கழிந்துவிடும். இச்சுமை எவ்வாறு நம் இல்லம் புகுந்தது? வரலாற்றைப் புரட்டினால் வியப்பான செய்தியொன்று கிடைக்கிறது. வாழ்த்து மடல் பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான்!

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குள் தொலைவு எதுவாயினும் அரை அவுன்ஸ் எடைவரை ஒரே கட்டணம் என்றதும் கடிதங்கள் பெருகின. அம்முறையைக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல், தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கு மறுமொழி எழுத நேரமின்றித் திகைத்தார். 1843இல் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு படம் வரையச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் கிறிஸ்துமஸ் மடல்களை அச்சிட்டார். பெறுபவர் பெயரையும் தம் பெயரையும் எழுதினால் போதும், வேலை முடிந்தது. அம்மடலின் விலை ஒரு ஷில்லிங். படத்திலிருந்த குடும்பத்தார் சிறு குழந்தைக்கும் மதுவைப் பருகக் கொடுப்பதாக வரையப்பட்டிருந்தமையால், அந்நாட்டு மதுவிலக்கு இயக்கத்தினரே அதனைக் கண்டித்தனர்.

நம் நாட்டில் 1854இல் அரையணா அஞ்சல்தலையும், 1879இல் காலணா அஞ்சலட்டையும் வந்தன. ஏழை எளியவரும் உறவினருக்கு நாலு வரி எழுத வழி பிறந்தது. அதன்பின் லாகூர், தில்லி, பம்பாய் நகரங்களின் அச்சகங்கள் ஈத் மடல்களை வெளியிட்டன. தொடக்கத்தில் ஐரோப்பியப் பட அட்டைகளின்மீதே உருதுக் கவிதையை அச்சிட்டு விற்றதும் உண்டு. நாளடைவில் பிறையும் மினாராக்களும் மக்கா, மதீனாவின் காட்சிகளும் அவ்விடத்தைப் பெற்றன. தந்தித் துறையும் வாழ்த்துகளுக்கு எண் கொடுத்திருந்தது. ‘ஈத் முபாரக்’ என்பதற்குரிய எண் 2. 2013 ஜூலையில் தந்தியே விடைபெற்றுக்கொண்டது.

மடல் மேனாட்டிலிருந்து வந்ததாயினும் வாழ்த்து அங்கிருந்து வந்ததன்று. பெருநாளன்று சந்திக்கும்போது நபித்தோழர்கள் (ரலி), ‘தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்’ என்று கூறிக்கொண்டனர். ‘அல்லாஹ் எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்வானாக’ என்பது அதன் பொருள். நேரில் சொல்ல இயலாத தொலைவிலிருப்போருக்கு அந்த துஆவைச் சுமந்து செல்லும் வாகனமே மடல்.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் அவ்வாகனம் பெரிதும் தேவைப்பட்டது. பூந்தமல்லியில் முஸ்லிம்களின் வாழ்வு பழமையானது. கோல்கொண்டா ஆட்சிக்காலத்தில், 1653இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் அங்குண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் நிலை வேறு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. 1965இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை தேடிப் பல மாவட்டத்தார் வந்து குடியேறினர். வாப்பாவும் உம்மாவும் ஊரில், மாமா பினாங்கில், தங்கை வேறொரு மாவட்டத்தில் என்று சிதறிய குடும்பங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்று சேர்த்தவர் தபால்காரர்தாம். 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று பின்கோடு முறை வந்தது. அம்பத்தூருக்கு 600053, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. ஒரே பெயர் கொண்ட ஊர்களாலும், பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகளாலும் நேர்ந்த குழப்பத்தை இந்த ஆறு இலக்கங்கள் பெரிதும் தீர்த்தன.

ஆனால் அஞ்சல் துறையாலும் தீர்க்க முடியாத ஒன்றுண்டு. அதுதான் பிறை! ஓராண்டு என் தந்தையார் நாட்காட்டியைப் பார்த்து, மடல்களில் ஆங்கிலத் தேதியிட்டு அனுப்பிவிட்டார். அவ்வாண்டு இருபத்தொன்பதாம் இரவில் பிறை தென்படவில்லை. முப்பதாம் நோன்பு நோற்றிருந்த உறவினர் கையில், ‘இன்று பெருநாள்’ என்னும் மடல் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் அவர் ‘ஷவ்வால் பிறை 1’ என்று மட்டுமே எழுதினார். பிறையை முந்தும் உரிமை நமக்கில்லை என்பார்.

அவருடைய ஒழுங்கும் எளிமையானது. ஷஃபானிலேயே முகவரி ஏட்டைச் சரிபார்ப்பார். கடல் கடந்து செல்வனவற்றை ரமலானின் முதல் பத்தில் அனுப்பிவிடுவார். உள்நாட்டு மடல்களை இரண்டாம் பத்தில், உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, குறைந்த கட்டணத்தில் ‘புக் போஸ்ட்’ ஆக அனுப்புவார். கடைசிப் பத்தில் பேனாவைத் தொடமாட்டார். வந்த மடல்களுக்கான மறுமொழி பெருநாள் கழிந்த பின்னரே. இறந்தவர் பெயரை ஏட்டில் அவர் அடித்ததில்லை. அதனருகே அவர்தம் மக்களின் பெயரை எழுதி வைப்பார். உறவு ஆளோடு முடிந்துவிடலாகாது என்பது அவர் கருத்து.

2001 செப்டம்பரில் அமெரிக்க அஞ்சல் துறை, முஹம்மது ஸகரிய்யா என்னும் எழுத்தணிக் கலைஞரின் கைவண்ணத்தில் ஈத் அஞ்சல்தலை வெளியிட்டது. இன்றோ ஒரே விரலசைவில் நூறு பேருக்கு ஒரே படம் கைப்பேசி வழியே பறக்கிறது. சுமை குறைந்தது உண்மைதான். அனுப்பியவர் நம்மை நினைத்தாரா என்பதே ஐயமாயிற்று. நூறு பேருக்கு வேண்டாம். ஊரில் தனித்திருக்கும் மாமிக்கும், மனத்தாங்கலால் பேச்சற்றுப்போன தம்பிக்கும், இவ்வாண்டு நம் கையால் ஒவ்வொரு மடல் எழுதுவோம். பிறை இருபதுக்குள் எழுதிவிடுவோம். எஞ்சிய இரவுகள் அல்லாஹ்வுக்கு உரியவை.