அயன்மண்டல அடர்த்திக் குழப்பங்கள்: துருவ ஒளி வலயமும் கலவான வானமும்

புவியின் மேல்வளியில் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் ஓரிடத்தில் செறிந்தும் அடுத்த இடத்தில் அருகியும் கிடக்கும் நிலையே அயன்மண்டல அடர்த்திக் குழப்பம். இதன் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கும் விரியலாம். இரண்டு வலயங்களில் இது மிகுதி. ஒன்று, துருவ ஒளி தோன்றும் உயர் அகலாங்குப் பகுதி. மற்றது, காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதி. இரத்தினபுரி மாவட்டத்துக் கலவான இரண்டாவது வலயத்தில் இருக்கிறது. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு, இந்தப் பக்கத்தில் புவிநடுக்கோட்டைவிட்டு வடக்கே விலகி, தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. ஆகவே சிங்கராஜ வனத்தின் ஓரத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு மேலுள்ள அயன்மண்டலம், உலகில் மிகவும் கொந்தளிப்பானவற்றில் ஒன்று.

துருவப் பகுதியில் காந்த விசைக்கோடுகள் ஏறக்குறைய நிலைக்குத்தாக இறங்குகின்றன. சூரியக் காற்றின் ஆற்றலால் முடுக்கப்பட்ட இலத்திரன்கள் அந்தக் கோடுகள் வழியே வந்து 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் வளியை அயனாக்குகின்றன. ஒளித்திரைக்குள் அடர்த்தி சடுதியாக ஏறும், விளிம்பில் சடுதியாக வீழும். அந்தச் சரிவின் மீது மின்புலம் செயற்படும்போது விளிம்பு பிசிறுபிசிறாக உடைகிறது. இன்னும் உயரத்தில், பகற்பக்கத்துச் செறிந்த பிளாஸ்மா திட்டுத்திட்டாகத் துருவத்தைக் கடந்து இரவுப்பக்கத்துக்கு இழுபடுகிறது; அதன் ஓரங்களும் இவ்வாறே சிதைகின்றன. நோர்வேயின் துரொம்சோவிலுள்ள ஐஸ்கற் ராடார் 1981 முதல் இவற்றை அளந்துவருகிறது. தெற்கே இந்தியாவின் மைத்ரி (1989), பாரதி (2012) ஆகிய அந்தாட்டிக்கா நிலையங்களிலும் இவ்வாய்வு நடக்கிறது.

இவ்விரு வலயங்களுக்கும் உள்ள உறவு 1963இல் தெளிவானது. இலத்திரன்கள் அயன்களை விஞ்சி, அவ்வூடகத்தின் ஒலிவேகத்தையும் மீறி ஓடினால் மீற்றர் அளவிலான அலைகள் தாமாகவே எழும் என்று டொனால்ட் ஃபார்லி, ஒஸ்கார் புனமன் இருவரும் தனித்தனியே காட்டினர். ஃபார்லி விளக்க முயன்றது பெரு நாட்டின் ஹிக்கமார்க்கா ராடார் கண்ட எதிரொலிகளை. அதாவது, துருவ ஒளி வலயத்துக் குழப்பங்களுக்கும் இன்று வழங்கும் கோட்பாடு ஒன்று காந்த நடுக்கோட்டு வானத்தைப் பார்த்தும் பிறந்தது. அங்கே சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலெல்லாம் கிழக்கு நோக்கி ஓடும் நடுக்கோட்டு மின்தாரைக்குச் சிட்னி சப்மன் 1951இல் பெயரிட்டிருந்தார். கலவானவும் அந்தத் தாரையின் பட்டிக்குள்ளேயே அடங்கும். கேரளத்தின் தும்பா ரொக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானதும் இதனால்தான். அங்கிருந்து முதல் ரொக்கெட் 1963 நவம்பர் 21இல் பாய்ந்தது. பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் மின்தாரைக்குள்ளேயே உணர்கருவிகளைச் செலுத்தி அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தை நேரில் அளந்தனர்.

கலவானவுக்கு முக்கியமானது இரவு நிகழ்ச்சி. பொழுது சாய்ந்ததும் அயன்மண்டலத்தின் கீழ்ப்பகுதி விரைவில் கரைகிறது. மேலே செறிந்த படை எஞ்சி நிற்கிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்பதைப் போன்ற இந்நிலை நெடுநேரம் தாங்காது. அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து பிய்த்துக்கொண்டு எழுகின்றன. சில 1000 கி.மீ. உயரத்தையும் தாண்டும். பெருவின் ஹுவன்கயோவில் புக்கர், வெல்ஸ் இருவரும் 1938இல் இதன் தடயத்தை முதலில் விவரித்தனர். நம் நெடுவரையில் சமஇரவுக் காலங்களான மார்ச்–ஏப்ரல், செப்ரெம்பர்–ஒக்ரோபரிலும், சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளிலும் இது உச்சம் பெறும். இரவு 9.15க்குச் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறைக்கு, குரல் படபடவென்று துடித்து மங்கும் அந்த இரைச்சல் நினைவிருக்கும். அப்படிப் படபடக்க வைப்பவற்றுள் இக்குமிழிகளும் உண்டு. இன்று அடி வாங்குவது ஜிபிஎஸ். அதன் 1575.42 மெகாஹேர்ட்ஸ் அலையை, சில நூறு மீற்றர் அளவிலான பிசிறுகள் மினுக்க வைக்கின்றன; ஜிபிஎஸ் வாங்கி சில செய்மதிகளின் பிடியை இழக்கிறது. இந்தியாவின் ககன் விமான வழிகாட்டு முறையை வடிவமைத்தவர்களுக்குப் பெருந்தலையிடி இதுவே. துருவத்தில் ஜிபிஎஸ் அலையின் கட்டம்தான் பெரும்பாலும் ஆட்டம் காணும். வலிமையே சரிவது காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 15 பாகை வரையான பகுதியில். துருவ ஒளிக்கு அழகும் புகழும் உண்டு. தொல்லையில் நம் பக்கமே முந்தி நிற்கிறது.

துருவத்தில் எழும் காந்தப் புயல் இங்கே ஒளியாக வராவிட்டாலும் மின்புலமாக வருகிறது. அதுவும் நிமிடக் கணக்கில். 2015 மார்ச் 17 புயலின்போது நம் பகுதியில் அந்தி. உள்நுழைந்த மின்புலம் திருநெல்வேலிக்கு மேலிருந்த அயன்படையை 500 கி.மீ.க்கும் மேலாகத் தூக்கியது, குமிழிகள் வலுத்தன. புயல் வேறு நேரத்தில் வந்தால் விளைவு நேர்மாறாகவும் அமையும்: சில மணி கழித்து எழும் எதிர்த்திசை மின்புலம் குமிழிகளை முளையிலேயே அடக்கிவிடும். 2024 மே 10–11 பெரும்புயலில் லடாக்கின் ஹன்லேயில் செவ்வொளி கமராவில் பதிவானது. கலவானவில் அப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இரவில் ஜிபிஎஸ் பதிவெடுப்போர், சமஇரவு மாதங்களில் மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரையான அளவீடுகளைத் தனியே சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.