பிட்ஜின் – எம்பதி மாற்றம்

அக்டோபர் 2009இல் வெளியான உபுண்டு 9.10 பதிப்பில், அதுவரை உடன் வந்த பிட்ஜின் அரட்டைச் செயலிக்குப் பதிலாக க்னோம் திட்டத்தின் எம்பதி இடம்பெற்றது. அடுத்த மாதம் வந்த ஃபெடோரா 12 பதிப்பும் அவ்வழியே சென்றது.

பிட்ஜினின் பழைய பெயர் கெய்ம். 1998இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கியது. ஏஓஎல் நிறுவனத்துடனான வணிகப்பெயர்ப் பிணக்கால் 2007இல் பெயர் மாறியது. யாஹூ, எம்எஸ்என், ஜாபர் எனப் பல கணக்குகளை ஒரே சாளரத்தில் திறந்ததால் பயனர்களின் கை அதற்குப் பழகியிருந்தது.

எம்பதியின் பலம் அதன் அடித்தளமான டெலிபதி. இதில் ஒவ்வொரு நெறிமுறையும் தனிச் செயலாக்கமாக இயங்கி, டி-பஸ் வழியே பேசிக்கொள்ளும். ஒன்று முறிந்தாலும் மற்றவை ஓடும். அதே இணைப்பைப் பிற மென்பொருள்களும் பயன்படுத்தலாம். பிட்ஜின் கடவுச்சொற்களை மறையாக்கம் இல்லாத கோப்பில் வைத்தது. எம்பதி அவற்றை க்னோம் சாவிக்கொத்தில் பூட்டியது. ஜாபர் வழிக் குரல், காணொளி அழைப்புகளும் அதற்குத் துணைநின்றன.

ஆனால் பிட்ஜினில் நீட்சியாகக் கிடைத்த ஓடிஆர் மறையாக்கம் எம்பதியில் இல்லை. அந்தரங்க உரையாடலை நம்பியிருந்தவர்களுக்கு இது உண்மையான இழப்பு. கட்டமைப்பின் நேர்த்தி அதை ஈடுசெய்யவில்லை. அவர்கள் பிட்ஜினை மென்பொருள் களஞ்சியத்திலிருந்து மீண்டும் நிறுவிக்கொள்ள முடிந்தது.

2016இல் வந்த உபுண்டு 16.04 பதிப்பின் இயல்புநிலை நிறுவலிலிருந்து எம்பதியும் நீக்கப்பட்டது.