பத்துக் கோல் நிலம்: இங்கிலாந்தின் வாடகைத் தோட்டங்கள்

இங்கிலாந்தில் ஊர் எல்லைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட காய்கறித் தோட்டங்கள் உண்டு. அவை யாருடைய வீட்டோடும் ஒட்டியவை அல்ல. நிலம் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். ஆண்டு வாடகைக்கு ஒரு துண்டை எடுப்பவர் தன் வீட்டுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ், அவரை ஆகியவற்றை அதில் விளைவித்துக்கொள்கிறார். இதற்கு ‘அலாட்மெண்ட்’ என்று பெயர். முழுத் துண்டு ஒன்றின் வழக்கமான அளவு 10 கோல். ஐந்தரை கஜ நீளமும் ஐந்தரை கஜ அகலமும் கொண்ட சதுரம் ஒரு கோல். நம் கணக்கில் பத்துக் கோல் என்பது ஆறேகால் சென்ட். சுமார் 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு இது போதும், பிழைப்புக்குப் போதாது. இதை வகுத்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அலாட்மெண்டுக்கு முன்பு இருந்தது ஊர்ப் பொதுநிலம். இங்கிலாந்தின் கிராமங்களில் மேய்ச்சல் தரையும் புதர்க்காடும் பொதுவில் கிடந்தன. நிலமில்லாத குடியானவனும் அங்கே ஒரு பசுவை மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், பன்றியை ஓட்டி விடலாம். இவை வழிவழியாக வந்த உரிமைகள். பொதுநிலத்தை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டங்களை நாடாளுமன்றம் ஊர் ஊராக இயற்றியது. 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200க்கும் அதிகம். அவற்றால் அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய பண்ணைகளின் விளைச்சல் கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பசு வைத்திருந்தவன் பாலுக்கும் காசு தேட வேண்டியவன் ஆனான். கூலி போதாத குடும்பங்களுக்கு உள்ளூர் வரிப்பணத்தில் உதவித்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வரியைக் கட்டியவர்கள் நிலக்காரர்கள். ஏழைக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தால் உதவித்தொகை குறையும் என்ற யோசனை 1790களில் வலுத்ததற்குக் கருணையோடு இந்தக் கணக்கும் காரணம்.

வில்ட்ஷையரில் உள்ள கிரேட் சோமர்ஃபோர்ட் என்ற சிற்றூர் இதில் முன்னோடி. அங்கே 1806இல் வேலியடைப்புச் சட்டம் வந்தபோது, நிலத்தில் ஒரு பகுதியை ஏழைகளின் தோட்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அவ்வூர்ப் பாதிரியார் ஸ்டீஃபன் டெமன்ப்ரே வாதாடினார். கியூவில் இருந்த அரச வானாய்வுக்கூடத்தைக் கவனித்தவரும் இவரே. மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் இவர் பேச்சு எடுபட்டதில் வியப்பில்லை. 1809இல் உருவான அந்தத் தோட்டங்களில் இன்றும் பயிர் செய்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. எதிர்ப்பு முக்கியமாகப் பண்ணை விவசாயிகளிடமிருந்து வந்தது. கூலியாள் தன் உடல் வலுவைத் தன் பாத்தியில் செலவிட்டுவிட்டு மறுநாள் வேலைக்குக் களைத்து வருவான் என்றார்கள். பண்ணை விதையைத் திருடித் தன் துண்டில் ஊன்றுவான் என்றார்கள். சொல்லப்படாத அச்சம் வேறு: சொந்தமாக உருளைக்கிழங்கு வைத்திருப்பவன் குறைந்த கூலிக்கு உடனே தலையாட்ட மாட்டான். 1830இல் தென்கிழக்கு மாவட்டங்களில் கூலித் தொழிலாளர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். ‘கேப்டன் ஸ்விங்’ என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் வந்தன. அதன் பிறகு நில உடைமையாளர்கள் பலர் தாமாகவே துண்டு நிலம் கொடுக்க முன்வந்தார்கள். கெஞ்சியபோது கிடைக்காதது வைக்கோல் போர் எரிந்தபோது கிடைத்தது.

கொடுத்தவர்கள் நிபந்தனைகளையும் கூடவே கொடுத்தார்கள். ஏர் கட்டக் கூடாது, மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும் என்பது பரவலான விதி. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது, தேவாலயத்துக்குப் போக வேண்டும், குற்றத்துக்காகத் தண்டனை பெற்றால் துண்டு பறிபோகும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். பக்கத்துப் பண்ணை கொடுத்த குத்தகையைவிடக் கூலியாளின் துண்டுக்கு ஏக்கர் கணக்கில் வாடகை அதிகமாக இருந்ததும் உண்டு. இருந்தும் வாடகை பாக்கி விழுவது அரிது. ஒரு குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கு தரும் நிலத்தை இழக்க யாரும் துணியவில்லை.

1845இன் பொது வேலியடைப்புச் சட்டம், அடைக்கப்படும் நிலத்தில் ஏழைகளுக்கென ‘வயல் தோட்டம்’ ஒதுக்கலாம் என்றது. ஆளுக்குக் கால் ஏக்கர் உச்சவரம்பு. அச்சட்டத்தின்படி அடுத்த கால் நூற்றாண்டில் அடைபட்ட 6,15,000 ஏக்கரில் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2,200 ஏக்கர். ஆயிரம் ஏக்கருக்கு நான்கு ஏக்கர்கூட இல்லை.

நிலைமையை மாற்றியது வாக்குச்சீட்டு. 1884இல் கிராமப்புற ஆண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஜெஸ்ஸி காலிங்ஸ் போன்ற அரசியல்வாதிகள் கூலியாளுக்கு மூன்று ஏக்கரும் ஒரு பசுவும் என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். 1886 ஜனவரியில் கூலியாளுக்கு நிலம் கோரி நாடாளுமன்றத்தில் காலிங்ஸ் கொண்டுவந்த திருத்தம் 79 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சாலிஸ்பரி பிரபுவின் அரசு கவிழ்ந்தது. காய்கறித் துண்டுக்காக ஒரு பிரதமர் பதவி இழந்தார் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது, அயர்லாந்துப் பிரச்சினை பின்னணியில் இருந்தது. ஆனாலும் மீண்டும் ஆட்சிக்கு வந்த அதே சாலிஸ்பரியின் அரசுதான் 1887இல் அலாட்மெண்ட் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று ஏக்கர் வரவில்லை, பசுவும் வரவில்லை. தேவை இருக்கும் இடத்தில் உள்ளாட்சி நிலம் தேடித் தர வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் வந்தது. அதையும் பல மன்றங்கள் தட்டிக் கழித்தன. 1908 சட்டம் அதை இறுக்கியது. வாக்காளர்களோ வரி செலுத்துவோரோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மன்றம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தே ஆக வேண்டும். இந்த விதி இன்றும் செல்லும்.

நகரங்களின் கதை சற்று வேறு. நாட்டிங்ஹாமில் செயின்ட் ஆன்ஸ் பகுதியில் உள்ள 75 ஏக்கர் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் வாடகைக்கு இடம் பிடித்து, சுற்றிலும் உயர்ந்த வேலிச்செடி வளர்த்து, ஓய்வெடுக்கச் செங்கல் குடில்கள் கட்டிக்கொண்டார்கள். அங்கே பசி முதல் காரணமாக இருக்கவில்லை. அத்தோட்டங்கள் இப்போது பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம்.

முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்தபோது அலாட்மெண்ட் எல்லாருடைய விஷயமாகவும் ஆனது. காலி நிலத்தைக் கையகப்படுத்திப் பயிருக்குக் கொடுக்க 1916இன் இறுதியில் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்தது. ரயில் நிறுவனங்கள் தண்டவாள ஓர நிலத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. பக்கிங்ஹாம் அரண்மனை எதிரே விக்டோரியா நினைவுச் சின்னத்தைச் சுற்றிப் பூச்செடிகளின் இடத்தில் காய்கறி நட்டார்கள். 1917இல் கேன்டர்பரி பேராயரே ஞாயிற்றுக்கிழமை தோட்டவேலைக்கு இசைவு தெரிவித்தார். நூறு ஆண்டுக்கு முன்னால் அதே வேலைக்கு நிலம் பறிபோயிருக்கும். போருக்கு முன் சுமார் 6 லட்சமாக இருந்த துண்டுகள் போர் முடியும்போது 15 லட்சத்தை ஒட்டின. உழைக்கும் வர்க்கத்தாருக்கு மட்டும் என்றிருந்த வரம்பை 1919 சட்டம் நீக்கியது. குமாஸ்தாவும் ஆசிரியரும் இனி உரிமையோடு கேட்கலாம்.

குத்தகைதாரரின் நிலையை உறுதிப்படுத்தியவை அடுத்து வந்த மூன்று சட்டங்கள். 1922 சட்டம், அலாட்மெண்ட் தோட்டம் என்பது 40 கோலுக்கு மேற்படாத, பெரும்பாலும் குத்தகைதாரரின் குடும்பம் உண்பதற்கான காய்கறியோ பழமோ விளைவிக்கிற நிலம் என்று இலக்கணம் வகுத்தது. வெளியேற்றப்படுபவருக்கு நின்ற பயிருக்கான ஈட்டுத்தொகையையும் அளித்தது. 1925 சட்டத்தின்படி, அலாட்மெண்டுக்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் மன்றம் விற்க முடியாது. 1950 சட்டம் வெளியேற்ற அறிவிப்புக்கு 12 மாத அவகாசம் தந்தது. அதிலும் அறிவிப்பு ஏப்ரல் 6க்குள் அல்லது செப்டம்பர் 29 அன்றோ அதற்குப் பிறகோதான் முடிவடைய வேண்டும். பயிர் நிற்கும் மாதங்களில் யாரையும் எழுப்ப முடியாது. விற்பனைக்கு இல்லையென்றால் கோழியும் முயலும் வளர்க்கலாம் என்றும் அச்சட்டம் சொன்னது. சேவலுக்கு அனுமதி இல்லை.

இடையில் 1926 முதல் தெற்கு வேல்ஸில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் குவேக்கர் சபையினர் விதையும் உரமும் கருவியும் கொடுத்துத் துண்டுகளைப் பிடித்துத் தந்தார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ‘வெற்றிக்காகக் கொத்துவோம்’ என்ற பிரசாரம் கிளம்பியது. லண்டன் கோட்டையின் அகழியிலும் ஹைட் பூங்காவிலும் பாத்தி கட்டினார்கள். குண்டு விழுந்து தரைமட்டமான மனைகளில் செங்கல் சில்லைப் பொறுக்கிவிட்டு மண் கொட்டினார்கள். ஞாயிறு பிற்பகலில் பிபிசி வானொலியில் சி. எச். மிடில்டன் தோட்டக்கலை பேசினார். துண்டுகள் மீண்டும் 14 லட்சத்தை எட்டின.

பங்கீட்டு அட்டை 1954இல் முடிந்ததும் ஆட்கள் கழன்றுகொண்டார்கள். வீட்டு மனைகளுக்கு நிலம் தேவைப்பட்டது. கடைகளில் காய்கறி மலிந்தது. 1965இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் ஹாரி தார்ப் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அலாட்மெண்ட் என்ற பெயரில் வறுமையின் வாடை அடிக்கிறது, ‘ஓய்வுத் தோட்டம்’ என்று மாற்றிப் பூவும் புல்வெளியும் குடிலுமாக அமைக்கலாம் என்று 1969இல் அது பரிந்துரைத்தது. குழுவின் ஆய்வு ஆழமானது, ஆனால் பரிந்துரைகள் பெரும்பாலும் சட்டமாகவில்லை. மக்களும் பழைய பெயரை விடவில்லை. 1990களின் இறுதியில் ஏறக்குறைய 3 லட்சம் துண்டுகளே மிஞ்சின.

2000க்குப் பிறகு அலை திரும்பியது. பூச்சிமருந்து இல்லாத காய்கறியைத் தேடியவர்களும், தோட்டமில்லாத அடுக்குமாடிவாசிகளும் விண்ணப்பித்தார்கள். பல நகரங்களில் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில மன்றங்கள் பதிவேட்டையே மூடி வைத்தன. நெரிசலைக் குறைக்கப் பத்துக் கோல் துண்டை இரண்டாக வெட்டி ஐந்து கோலாகக் கொடுப்பது வழக்கமாயிற்று. குத்தகை ஒப்பந்தத்தின் சாரம் பெரிதும் மாறவில்லை: வாடகையை உரிய காலத்தில் கட்ட வேண்டும், உள்குத்தகைக்கு விடக் கூடாது, நடைபாதையை ஆக்கிரமிக்கக் கூடாது, களை மண்ட விடக் கூடாது. தோட்டச் சங்கமோ மன்ற அலுவலரோ சுற்றிப் பார்ப்பார்கள். தரிசாகக் கிடந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால், ஒப்பந்த மீறல் என்பதால் 12 மாத அவகாசம் இல்லாமல் ஒரு மாத அறிவிப்பில் துண்டு அடுத்தவருக்குப் போகும்.