எந்த வாசல்ல நிறுத்தட்டும்?

'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது நம்ம ஊர்களில் ஒரு வசைச் சொல். 1794இல், கம்பெனி ஆட்சியில், சென்னையில் தொடங்கிய பைத்தியக்கார விடுதியின் வாரிசுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். மனநோய்க்கு இந்தச் சமூகம் முதலில் தேடியது மருந்தை அல்ல, பூட்டை. எய்ட்ஸ் வந்தபோதும் அதே பூட்டைத்தான் எடுத்தார்கள்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் யாருடையது? பாலியல் தொழிலுக்காகப் பிடித்து அரசு விடுதியில் அடைத்து வைத்திருந்த பெண்களுடையது. கண்டுபிடித்தவர்களுக்கு வரலாற்றில் பெயர் உண்டு. ரத்தம் கொடுத்தவர்களுக்கு இல்லை. அதன்பின், தண்டனைக் காலம் முடிந்தும், தொற்று இருக்கிறது என்பதற்காகவே பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர்நீதிமன்றம் போன பிறகு 1990இல்தான் கதவு திறந்தது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசாவை 64 நாள் அடைத்ததும் இதே நியாயத்தில்தான்.

அடைபட்ட மனசு என்ன ஆகும்? யாரு கேட்டா? தொற்று என்று தெரிந்த அன்றைக்கே பலருக்கு உறக்கம் போயிடுது. சிலருக்கு உயிர்மேல் ஆசையே போயிடுது. சிகிச்சை கிடைக்காவிட்டால் கிருமியே மூளையைத் தாக்கி மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். மறுபக்கம், மனநோயோடு தெருவில் திரியும் பெண்ணை இருட்டில் எவனும் தொடுகிறான். பகலில் யாரும் தொடுவதில்லை.

2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி. கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். நாடே பதறியது.

2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து வந்தது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. சாவு குறைந்தது, இது பெரிய மாற்றம். ஆனால் இது ஆயுள் முழுக்க, தினமும், தவறாமல் விழுங்க வேண்டிய மருந்து. மனச்சோர்வில் கிடப்பவர் எழுந்து மாத்திரை போடுவதே பெரும்பாடு. விட்டுவிட்டால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பதிவேட்டிலோ அவர் வெறும் 'வராதவர்'.

பல வருஷம் அந்தக் கூட்டு மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ், கெட்ட கனவையும் தலைச்சுற்றலையும் மனச்சோர்வையும் தரக்கூடியது. ஏற்கெனவே மனநோய் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதற்குப் பயந்து ஒருவர் மாத்திரையை விட்டால் அது அவர் குற்றமா? பின்னால் அதன் இடத்துக்கு டோலுடெக்ராவிர் வந்தது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தருகிற கார்பமசெபைன் கூடச் சேர்ந்தால், ரத்தத்தில் இதன் அளவு குறைந்துவிடும். ஒரு வேளை மருந்தை இரண்டு வேளை தரவேண்டும். அதற்கு இரண்டு டாக்டர்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டும்.

பேசுகிறார்களா? ஒரு தாயோடும் அவர் மகனோடும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மனநோய்ப் பிரிவில், 'அந்த நோய் இருக்கே, அங்க போங்க' என்றார்கள். அங்கே போனால், 'முதல்ல புத்தி தெளியட்டும்' என்றார்கள். அந்தம்மா கேட்டார்: "எம் புள்ளைய எந்த வாசல்ல நிறுத்தட்டும் தம்பி?"

வாசலில் நிறுத்தப்படுவது நமக்குப் புதுசில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி நமக்கு உறைக்கிறது.

2017 ஏப்ரலில், ஒரே மாதத்தில், இரண்டு சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாமல் சோதிப்பதையும் சிகிச்சை மறுப்பதையும் தடுத்தது. இரண்டும் 2018இல் அமலுக்கு வந்தன. இரண்டு நோயும் உள்ளவருக்கு இரண்டு சட்டமும் சொந்தம். மனச்சோர்வுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால், கிருமிக்கான மாத்திரையை ஒழுங்காகப் போடுவது கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், இரண்டு மருந்தும் கொடு என்று கேட்பது சலுகை இல்லை. அடுத்த முறை அந்தம்மாவோடு போகும்போது இரண்டு சட்டத்தின் நகலையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். கூட யார் வர்றீங்க?