பனியன் ஊரில் இரண்டு பயிற்சி அதிகாரிகள்

திருப்பூரில் பி.காம். முடித்த பிள்ளை வங்கி அதிகாரியாக இன்று இரண்டு வாசல் உண்டு. ஒன்று, ஸ்டேட் வங்கியோ, மற்ற அரசு வங்கிகளுக்காக ஐபிபிஎஸ்ஸோ நடத்தும் பி.ஓ. (புரொபேஷனரி ஆபீசர்) தேர்வு. இன்னொன்று, பெரிய தனியார் வங்கிகள் மணிபால் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஓராண்டுப் பயிற்சி. பெண் பார்க்கப் போகும் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: மாப்பிள்ளை பேங்க் மேனேஜர்.

முதலில் காசு. பி.ஓ.வாகத் தேர்வானால் பயிற்சிக் காலத்திலேயே முழுச் சம்பளம். 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி முதல் நிலை அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வாடகைப்படியும் தனி. ஸ்டேட் வங்கி நான்கு இன்கிரிமென்ட்டை முன்கூட்டியே தருகிறது. பதிலுக்கு மூன்றாண்டு வேலை பார்ப்பதாக 2 லட்ச ரூபாய்க்கு பாண்டு எழுதி வாங்குகிறது. தனியார் வழியில் கணக்கு தலைகீழ். கட்டணமாகச் சில லட்சம் நாம் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது கடன்தான். வேலையில் சேர்ந்ததும் மாதாமாதம் தவணை ஓடும்.

ஆனால் பி.ஓ. வழி செலவில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்காணல் என்று இரண்டு மூன்று வருஷம் கோச்சிங் சென்டரில் போகும். கூடப் படித்தவன் அதற்குள் ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகி, பையருக்கு சாம்பிள் அனுப்பிக்கொண்டிருப்பான். பதினைந்து வயதிலேயே சம்பாதிக்கக் கற்றுக்கொள்ளும் ஊரில் அந்தச் சும்மா இருக்கும் வருஷங்கள் வீட்டுக்குக் கனமானவை.

கற்றுக்கொள்ளும் வேலையில்தான் பெரிய வித்தியாசம். பி.ஓ.வை இரண்டு வருஷத் தகுதிகாண் காலத்தில் கேஷ் கவுன்டர், நகைக்கடன், விவசாயக் கடன், கிரெடிட் என்று சுற்றவிடுவார்கள். பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் தரும் கடன்) வாங்கிய பனியன் கம்பெனிக்கு அவர் ஸ்டாக் பார்க்கப் போனால் குடோன் காலியாக இருக்கும். ஸ்டேட்மென்ட்டில் பல டன் துணி இருக்கும். ஏமாற்று என்று முடிவுகட்ட முடியாது. நூல் ஒரு நிட்டிங் ஷெட்டில், துணி சாயப்பட்டறையில், வெட்டிய பீஸ் தைக்கிற பவர் டேபிளில் என்று சரக்கு முழுக்க ஜாப் ஒர்க்கில் அடுத்தவன் கூரைக்குக் கீழ் கிடக்கும். டெலிவரி சலானை வரிசையாக வைத்து, எந்த ஆர்டருக்கு எந்தத் துணி என்று கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்த ஊரில் கிரெடிட் ஆபீசர். நன்றாகக் கற்று முடித்ததும் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

தனியார் பயிற்சியாளர் பெரும்பாலும் கிளையில் விற்பனையில்தான் உட்காருகிறார்: கணக்கு பிடிப்பது, இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, மாதக் கடைசியில் டார்கெட். கெட்டிக்காரருக்கு உயர்வு சீக்கிரம் வரும். அரசு வங்கியில் ஐந்து வருஷம் காத்திருக்கும் இடத்தை இங்கே பாதி நாளில் தாண்டியவர்கள் உண்டு. தாங்காமல் போகிறவர்களும் அதிகம். தனியார் வங்கிகளில் ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீத ஊழியர்கள் விலகுவதாக ரிசர்வ் வங்கியின் 2023-24 அறிக்கை கவலைப்பட்டது.

விற்பனை மட்டும் கற்ற வங்கியாளரால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூரிலேயே பாடம் இருக்கிறது. 2007-08இல், டாலர் சரிவிலிருந்து பாதுகாப்பு என்று சொல்லி எக்ஸ்போர்ட்டர்களுக்கு டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்குப் புரியவில்லை. விற்க வந்தவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்பதும் சந்தேகம்தான். கோடிக்கணக்கில் நஷ்டம், நீதிமன்ற வழக்குகள். 2011 ஏப்ரலில் டெரிவேட்டிவ் விதிமீறலுக்காக ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. பெரும்பாலானவை தனியார், வெளிநாட்டு வங்கிகள்; ஸ்டேட் வங்கியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

உச்சிக்குப் போகும் வாய்ப்பைப் பார்த்தால், 2013 முதல் ஸ்டேட் வங்கியின் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, ரஜ்னீஷ் குமார், தினேஷ் காரா, சி.எஸ். ஷெட்டி நால்வருமே பி.ஓ.வாகச் சேர்ந்தவர்கள். எதிர்ப்பக்கம் சந்தா கோச்சாரைக் காட்டுவார்கள்: 1984இல் மேனேஜ்மென்ட் டிரெய்னி, 2009இல் ஐசிஐசிஐ வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி. அது இந்தக் கணக்கில் சேராது. அவர் மேலாண்மைப் பட்டத்தோடு தொழிற்கடன் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர். கட்டணம் கட்டி கிளைக்குப் போனவர் அல்ல.

என்னைக் கேட்டால், வீடு இரண்டு வருஷம் தாங்குமானால் பி.ஓ.தான். தாங்காது என்றால் தனியார் பயிற்சிக்குப் போகலாம். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், எந்த டெஸ்க், பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், கிரெடிட் பிரிவுக்கு எப்போது மாறலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பி.ஓ. தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கே வயது வரம்பு 30. இருபத்திரண்டில் தனியார் வங்கியில் சேருகிறவருக்கு அந்த வாசல் இன்னும் சில வருஷம் திறந்தே இருக்கும்.