கஞ்சா வாணிகமும் அரசும்

மயக்கந் தரும் பொருள்களை அரசு எங்ஙனம் ஆளுதல் வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. முற்றாகத் தடுத்தல் ஒரு நெறி. உரிமம் வழங்கி, வரி விதித்து, அளவோடு விற்பித்தல் மற்றொரு நெறி. அண்மைக் காலத்தில் அமெரிக்கக் கண்டங்களிலுள்ள சில நாடுகளும் மாநிலங்களும் கஞ்சாவைப் பொறுத்தவரை முதல் நெறியைக் கைவிட்டு இரண்டாவதனை மேற்கொண்டன. இஃது முன்னொருபோதும் நிகழாத புதுமையெனப் பலர் கருதுவர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானிய இந்தியாவிலே கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அதனால் விளையுந் தீங்கு பற்றிப் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கேள்வி எழவே, 1893ஆம் ஆண்டில் ஓர் ஆணைக்குழு நிறுவப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, மிதமான நுகர்ச்சியாற் பெருங்கேடு விளைவதில்லை, மிகுநுகர்ச்சியே தீங்கு பயக்கும் எனக் கண்டு, முழுத்தடை வேண்டியதில்லையென 1894இல் முடிவு கூறிற்று. தக்க வரி விதித்தல், உரிமமின்றிப் பயிரிடுதலைத் தடுத்தல், கடைகளின் தொகையை மட்டுப்படுத்தல், ஒருவர் வைத்திருக்கத்தக்க அளவை வரையறுத்தல் என்பன அது பரிந்துரைத்த வழிகளுட் சில. இன்றைய சட்டங்களை மதிப்பிடுவார்க்கு இவை உரைகல்லாக அமையும்.

ஐக்கிய அமெரிக்கா இதற்கு மாறான வழியிற் சென்றது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் பெயரளவில் வரிச்சட்டமேயாயினும் செயலளவில் தடைச்சட்டமாயிற்று. 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையாக விலக்கப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. ஆயின் நுகர்ச்சி ஒழிந்ததோவெனின், இல்லை. வாணிகம் மறைவிடம் புகுந்தது; கைதானோர் தொகை பெருகிற்று. இத்தோல்வியே பிற்கால மாற்றத்துக்கு வித்தாயிற்று எனலாம்.

நாடு முழுவதற்குமாக இன்பநுகர்ச்சிக் கஞ்சாவுக்கு முதன்முதற் சட்டம் வகுத்தது தென்னமெரிக்காவின் உருகுவே ஆகும். சனாதிபதி ஹொசே முஹிக்காவின் ஆட்சியில், 2013 திசெம்பரில் அச்சட்டம் நிறைவேறிற்று. கள்ளக்கடத்தற்காரரிடமிருந்து வாணிகத்தைப் பறித்தலே அதன் நோக்கம், வருவாய் ஈட்டுதலன்று. பதிவு செய்து கொண்டோர்க்கு மட்டும் மருந்துச்சாலையில் மாதமொன்றுக்கு 40 கிராம் வரை விற்கலாம், விலையை அரசே குறிக்கும், விளம்பரம் கூடாது, வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றலும் ஆகாது. 2017 யூலையில் 16 மருந்துச்சாலைகளில் விற்பனை தொடங்கிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் வேறு பாதையை வகுத்தது. 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 55 பேர் ஆதரவளித்தனர். 2014 சனவரி 1ஆந் திகதி கடைகள் திறக்கப்பட்டன. 21 வயது நிரம்பியவர் ஓர் அவுன்சு வரை வைத்திருக்கலாம் எனத் தொடக்கத்தில் விதி இருந்தது. ஈண்டு விற்போர் தனி வணிகர். தம் எல்லையுட் கடைகளை மறுக்கும் உரிமை நகராட்சிகளுக்கு உண்டு. வணிகர் இலாபத்தை நாடுபவராதலின் இனிப்பும் பானமுமாகப் பல உருவங்களிற் கஞ்சா கடைக்கு வந்தது. உண்பொருள்களில் அதன் மயக்கச்சத்து ஒரு முறைக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்னும் விதியும் உண்டு. வைத்தியக் கஞ்சாவையுஞ் சேர்த்து, 2021ஆம் ஆண்டின் விற்பனை 220 கோடி டொலரைக் கடந்தது, அதன்பின் இறங்குமுகமாயிற்று.

இரு நாடுகளையும் ஒருசேரத் தாக்கிய இடர் ஒன்றுண்டு. கொலராடோ அனுமதித்ததை அமெரிக்கச் சமஷ்டிச் சட்டம் தொடர்ந்து குற்றமெனவே கொண்டது. ஆதலின் வங்கிகள் பல கஞ்சாப் பணத்தை ஏற்க அஞ்சின. கடைக்காரர் நாணயத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் காத்திருக்க நேர்ந்தது. வியப்பு யாதெனின், தன்னாட்சி பெற்ற உருகுவேயின் வங்கிகளும் அமெரிக்க வங்கிகளின் தொடர்பை இழக்க அஞ்சி, 2017இல் மருந்துச்சாலைகளின் கணக்குகளை மூடத் தலைப்பட்டன. சில மருந்துச்சாலைகள் விற்பனையைக் கைவிட்டன. ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் எல்லையோடு அமைவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாம்.

ஆசிரிய உலகம் சிந்தித்தற்குரிய செய்தி பிறிதொன்றுண்டு. கொலராடோவின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கஞ்சாத் தீர்வையில் ஆண்டுதோறும் முதல் 4 கோடி டொலரைப் பொதுப் பாடசாலைக் கட்டடங்களுக்கென ஒதுக்கிற்று. மக்கள் ஆதரவைப் பெற அது பெரிதும் உதவியது. ஆயினும் விற்பனை பெருகினாற் கட்டடம் உயரும். குறைந்தால் நிதி சுருங்கும். இளைஞரை மயக்கத்தினின்று காக்கவேண்டிய அரசே மயக்கத்தின் ஊதியத்துக்குப் பங்காளியாகிறது. 1894இல் ஆணைக்குழு நுகர்ச்சியைக் கட்டுப்படுத்துங் கருவியாக வரியைப் பரிந்துரைத்தது. கருவி வருவாயாக மாறும்போது கட்டுப்படுத்தும் எண்ணம் தளர்தல் இயல்பு.

தடை நீங்கியதோடு வினா தீர்ந்துவிடவில்லை. விற்பவர் யார், வரும் பொருள் எவர்க்கு, எந்த அளவோடு நிற்பது என்பனவே எஞ்சி நிற்கும் வினாக்கள். உருகுவே தந்த விடை ஒன்று. கொலராடோ தந்த விடை மற்றொன்று. அரசு தன் வருவாயைக் குடிகளின் நலத்திற்கு மேலாக வைக்குமாயின், தடையாலும் பயனில்லை, அனுமதியாலும் பயனில்லை.