போர்க்காலமும் சதாசிவத்தின் துடுப்பாட்டமும்

புத்தளம் களப்பினை அடுத்துள்ள பாலாவி வெளியிலே, இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இயங்கிற்று. சேற்றிற் புதைந்த விமானங்களை ஆங்கு யானைகள் இழுத்து மீட்டன. 1942 ஏப்ரல் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. வணிகமும் பயணமும் நிகழ்ந்த கடல் போர்க்கடலாயிற்று. அம்மாற்றத்தால் இழப்புற்றோருள் துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவமும் ஒருவர்.

1915 ஒக்டோபர் 18 ஆந் திகதி பிறந்த அவர், கொழும்பு வெஸ்லிக் கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்தின் சார்பில் ஆடியவர். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே கப்பலிற் செல்லும் கிறிக்கெற் அணிகள், வழியிற் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடிச் செல்வது அக்கால வழக்கம். பெரும் பந்துவீச்சாளரை நம்மவர் எதிர்கொள்ளும் அரிய வாயில் அது. 1939 இற் போர் மூண்டதும் அவ்வாயில் அடைபட்டது. அப்பொழுது சதாசிவத்துக்கு வயது 23. போர் முடிந்தபொழுது 29.

அமெரிக்காவிலோ நிலைமை வேறு. பேஸ்போல் ஆட்டம் தொடர்ந்து நடைபெறுதல் நன்றென 1942 சனவரியிற் சனாதிபதி ரூஸ்வெல்ற் எழுதினார். முன்னணி வீரர் பலர் படையிற் சேர, வெறுமையான உட்கள இடங்களிற் புதியோர் ஊதியம் பெற்று ஆடினர். ஒரே போர் அங்கே சிலர்க்கு வாழ்வளித்தது. விளையாட்டுத் தொழிலாகாத இலங்கையில் ஒருவரின் இளமையை விழுங்கிற்று.

எனினும் அவர் ஆற்றல் மங்கவில்லை. 1947 இற் சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். நாடு சுதந்திரம் பெற்று இரு மாதம் நிறையுமுன், 1948 மார்ச்சிற் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணியை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். 1951 இல் மனைவியின் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பெற்று, 1953 இல் விடுதலையானார். பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை பூண்டார்.

இலங்கை ரெஸ்ற் தகுதி பெற்றது 1981 இலே. சதாசிவம் மறைந்தது 1977 இலே. ஆகவே ரெஸ்ற் ஏடுகளில் அவர் பெயர் இல்லை. ஏட்டில் இன்மை ஆற்றலின்மை ஆகாது. ஒருவன் அடைந்ததனோடு, அவனுக்குக் காலம் மறுத்ததனையும் சேர்த்து எடைபோடுதலே வரலாற்றாசிரியனின் கடன்.